மூன்று பேரின் கூரை

கணவர் இறந்த பிறகு வந்த முதல் பெருமழையில் எங்கள் படுக்கையறைச் சீலிங் இடிந்து விழுந்தது. நான் வேலைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து கதவைத் திறந்தால் ஈரச் சாந்தும் மரச் சிராய்களும் கட்டிலில் அவருடைய பக்கத்தில் குவிந்து கிடந்தன. என் தலையணை நனையக்கூட இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குசினிக்குப் போய் முதல்நாள் சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டேன். அழுகை வரவில்லை. அந்தக் கோடையில் எனக்கு எதுவுமே வரவில்லை.

லண்டன் நோர்பரியில் நாங்கள் இருந்தது பழைய வீடொன்றில். மூன்று தட்டு, மூன்று ஃபிளாட். மேல்தட்டு எங்களுடையது. நடுத்தட்டுக்காரர் என்னைவிட வயதில் இளையவர். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்து, மோர்டனில் கடை நடத்திக்கொண்டிருந்தார். ஃபிளாட்டை வாடகைக்கு விட்டிருந்தார். கீழ்த்தட்டில் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி தனியாக வசித்தார். ஆஸ்பத்திரியில் டெலிஃபோன் ஒப்பரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூரை மூன்று பேருக்கும் பொது. அதில் கைவைப்பதென்றால் மூன்று பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். இந்த மாதிரிப் பேச்சுகளையெல்லாம் என் கணவர்தான் பார்த்துக்கொண்டார். நான் படியில் கண்டால் சிரிப்பதோடு சரி.

கூரை வேலைக்காரர் வந்து பார்த்தார். புகைபோக்கியைச் சுற்றியிருந்த ஈயத் தகடு கிழிந்துவிட்டது, ஓடுகளும் பல உடைந்துவிட்டன என்றார். பின்தோட்டத்தில் ஸ்கஃபோல்டிங், அதாவது இரும்புக் குழாய்ச் சாரம், கட்டினால்தான் மேலே ஏறலாம். இப்போதைக்கு உள்ளேயிருந்தே சீலிங் ஓட்டைக்கு மேலே ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டுப் போனார்.

நான் முன்னறைச் சோபாவில் படுக்கத் தொடங்கினேன்.

கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஓம் அக்கா, செய்வம். கட்டாயம் செய்வம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, நான் இருக்கிறன்தானே" என்றார். கேட்க ஆறுதலாக இருந்தது. அடுத்த கிழமையும் அதையே சொன்னார். அதற்கடுத்த கிழமையும். ஒருமுறைகூடக் குரலில் சலிப்பில்லை. அவரோடு சண்டை பிடிப்பதற்கு ஒரு பிடி கிடைக்கவில்லை.

கீழ்வீட்டுப் பெண்மணி கதவைப் பாதி திறந்து, நான் சொன்னதை முழுவதும் கேட்டார். தோட்டம் அவருடையது.

"முடியாது" என்றார்.

ஏன் என்று கேட்கத் தெம்பில்லாமல் மேலே ஏறி வந்துவிட்டேன். சில நாள் கழித்து, மழை இருட்டிக்கொண்டு வந்ததால் மறுபடி இறங்கிப் போய்க் கதவைத் தட்டினேன். இந்த முறை ஏன் என்று கேட்டேன்.

"முன்பு பக்கத்து வீட்டில் வேலை நடந்தபோது வேலைக்காரர்கள் பக்கவாசல் கேற்றைத் திறந்து போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவன் பின்கதவால் என் குசினிக்குள் வந்து நின்றான். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவன் என் கைப்பையை எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே பின்னால் நடந்து வெளியே போனான். அதுதான் காரணம்."

"வேலை முடியும்வரை நான் வந்து உங்களோடு இருந்தால்?"

அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. வாயில் வந்தது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கேற்றைத் தினமும் நீயே பூட்ட வேண்டும். சாவி அவர்களிடம் போகக்கூடாது."

"சரி."

அன்றைக்கே அவர் கையெழுத்து வைத்தார்.

அந்தத் தாளோடு பஸ் மாறி மோர்டனுக்குப் போனேன். கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"வாங்கோ அக்கா, வாங்கோ. அண்ணையின்ரை விசயம் கேட்டதிலையிருந்து எனக்கு மனமே சரியில்லை. தேத்தண்ணி குடிக்கிறியளே?"

"குடிக்கிறன். இதிலை ஒரு கையெழுத்து வேணும், தம்பி."

"அதுக்கென்ன, வைப்பம். ஆறுதலா வாசிச்சிட்டு நாளைக்குக் கொண்டந்து தாறன். நீங்கள் போங்கோ."

அரிசி மூட்டைகளுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். தேநீர் முடிந்தது. நான் எழும்பவில்லை. பிறகு இதைக் கேள்விப்பட்டவர்கள் நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு போராட்டம் நடத்தியதாகச் சொன்னார்கள். அப்படி எதுவுமில்லை. எழும்பக் கால் வரவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குப் போனாலும் அங்கேயும் இப்படித்தான் எங்காவது உட்கார்ந்திருக்கப் போகிறேன்.

சனம் வந்து முருங்கைக்காயும் மீனும் வாங்கிப் போனது. ஒருவர் குனிந்து, "அக்கா, சுகமில்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை, சும்மா இருக்கிறன்" என்றேன்.

கடைக்காரர் என்னைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்புவதுமாக இருந்தார். மாலையில் அவருடைய மனைவி பின்னறையிலிருந்து வந்தார்.

"அக்கா இன்னும் இருக்கிறா. என்னவாம்?"

"கூரைக்குக் கையெழுத்தாம். நாளைக்கு எண்டு சொல்லிப்போட்டன்."

"உங்கடை நாளைக்கு எனக்குத் தெரியாதே? மனுசன் செத்து இன்னும் ஆறு மாசம் ஆகேல்லை. அந்த மனுசி இடிஞ்ச வீட்டுக்குள்ளை தனியக் கிடக்குது. இந்தாங்கோ பேனை."

கறிவேப்பிலைக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு, மேசையிலேயே தாளை வைத்துக் கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். "நான் வைக்கத்தானே இருந்தனான்" என்று சிரித்தார். நன்றி சொன்னேன். அவர்மேல் கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது. வரவில்லை.

வேலை தொடங்கியதும் லீவு எடுத்துக்கொண்டு கீழ்வீட்டுப் பெண்மணியோடு போய் உட்கார்ந்தேன். வெளியே இரும்புக் குழாய்கள் மோதும் சத்தம், மேலே சுத்தியல் சத்தம். அவர் குறுக்கெழுத்துப் புதிர் செய்வார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னிடம் துக்கம் விசாரிக்கவில்லை. அந்தக் காலத்தில் என்னைக் கண்டவர்களெல்லாம் என் கணவரைத் தங்கமான மனிதர் என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் தலையை ஆட்டி ஆட்டி, யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல் ஆகிவிட்டிருந்தேன்.

ஒருநாள் அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"உன் கணவரை எனக்குப் பிடிக்காது. முன்கதவை அடித்துச் சாத்துவார். என் கோப்பைகள் அலுமாரிக்குள் குதிக்கும். நான் எத்தனையோ தடவை சொல்லியும் நிறுத்தவில்லை."

"ஓம், அடிச்சுத்தான் சாத்துவார்" என்றேன். தமிழில் சொன்னேன் என்பது பிறகுதான் உறைத்தது. எங்கள் கார்க் கதவு, குளிர்சாதனப் பெட்டி, குசினி மேசை லாச்சி எல்லாவற்றையும் அவர் அப்படித்தான் சாத்துவார். நானும் எத்தனையோ வருடம் அதற்காக அவரோடு சண்டை பிடித்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாடைக்கு வந்துவிட்டது.

அவர் சமையல் மேடை துடைப்பதற்கு வைத்திருந்த கடதாசிச் சுருளை என் பக்கம் தள்ளினார். "நான் அதற்காகச் சொல்லவில்லை" என்றார்.

"தெரியும்" என்றேன்.

கூரை வேலை முடிந்து குழாய்களைக் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு ஒருவர் வந்து சீலிங்குக்குப் புதுச் சாந்து பூசினார். என்ன நிறம் அடிப்பது என்று அவர் கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை. அவரே வெள்ளை அடித்துவிட்டுப் போனார். கோயிலில் சந்தித்தவர்களிடம் கடைக்காரர், தான் முன்னுக்கு நின்று கூரையைத் திருத்தியதாகச் சொல்லியிருக்கிறார். சொல்லட்டும். நான் சோபாவில்தான் இன்னும் கொஞ்சக் காலம் படுத்தேன். மழை பெய்தது, வீடு நனையவில்லை, நான் வேலைக்குப் போய் வந்தேன்.