எழுபத்து மூன்றுக்கு முன் நிறுத்தியது

தரம் ஆறில் படிக்கும் என் மகளை யாழ்ப்பாணத்தில் ஒரு கணித முகாமுக்குத் தெரிவு செய்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பெரிய எண்ணைப் பற்றி மேடையில் விளக்க வேண்டும். இரு பக்கமிருந்தும் ஒரே மாதிரி வாசிக்கலாம் என்பதற்காக அவள் 10001ஐ எடுத்தாள்.

“இது முதன்மை எண்ணோ அம்மா? ஒண்டாலயும் தன்னாலயும் மட்டுந்தான் பிரியுமோ?”

உயர்தரத்தில் கணிதம் படித்தவள் நான். 10001இன் வர்க்கமூலம் ஏறத்தாழ நூறு; நூறுக்குள் உள்ள முதன்மை எண்கள் எவற்றாலும் மீதியின்றி வகுபடாவிட்டால் அதுவும் முதன்மை எண்தான். இரண்டில் தொடங்கி எழுபத்தொன்று வரை வகுத்தேன். எல்லாவற்றிலும் மீதி வந்தது. அப்போது ஒழுங்கையில் குடிதண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறியின் ஹோர்ன் கேட்டது. எங்கள் நெடுந்தீவில் அதைத் தவறவிட ஏலாது, கலன்களோடு ஓடினேன். திரும்பி வந்தபோது மகள் பிறிஸ்டல் மட்டையை விரித்து வைத்துக் காத்திருந்தாள். மிச்சம் ஐந்து எண்கள்தானே என்று நினைத்தேன்.

“ஓம், முதன்மை எண்தான்.”

அவள் அதைச் சிவப்பில் பெரிதாக எழுதினாள்.

மறுநாள் காலைப் படகில் அந்த ஐந்தும் மனதை அரித்தன. பேனாவை எடுத்து மகளின் கொப்பியின் பின்பக்கத்தில் வகுத்தேன். முதலாவதே எழுபத்து மூன்று. விடை நூற்று முப்பத்தேழு, மீதி இல்லை. மேடையில் யாரும் கவனிக்கமாட்டார்கள் என்றும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் யாராவது கவனித்தால் தலைகுனிவது அவள்தான். சொன்னேன்.

“நீங்கள்தானே சொன்னனீங்கள்!” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இனி இதை வெட்டினா வடிவில்லை.”

“வெட்டுவம். இதுக்குள்ள இன்னும் நல்ல விஷயம் ஒண்டு இருக்கு.”

பக்கத்தில் ஓர் அண்ணை தன் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் இலக்கத்தகட்டில் 4826.

“அண்ணை, போனில உங்கட நம்பரை ரெண்டு தரம் சேர்த்து அடியுங்கோ. 48264826. இப்ப எழுபத்து மூண்டால பிரியுங்கோ. வந்ததை நூற்று முப்பத்தேழால பிரியுங்கோ,” என்றேன்.

அவர் அடித்தார். பிறகு போனையும் மோட்டார் சைக்கிளையும் மாறிமாறிப் பார்த்தார்.

“என்ர நம்பரே திரும்பி வந்திட்டுது. கள்ளமெல்லோ இது, பிள்ளை?”

“கள்ளமில்லை மாமா,” என்றாள் மகள், மூக்கைத் துடைத்தபடி. அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. “நாலு இலக்க நம்பரை ரெண்டு தரம் எழுதினா, அதைப் பத்தாயிரத்து ஒண்டால பெருக்கின மாதிரித்தான்!”

“அப்ப என்ர மனுசியின்ர ஸ்கூட்டி நம்பரையும் பாப்பம்.”

படகு குறிகட்டுவான் துறையை அடைவதற்குள் நான்கு பேரின் இலக்கங்களைக் கேட்டுவிட்டாள். இறங்குதுறையில் மட்டையை என் முதுகில் வைத்து, சிவப்பு எழுத்தைத் தானே ஒரு கோட்டால் வெட்டி, கீழே 73 × 137 என்று எழுதினாள்.

“இந்த ரெண்டும் முதன்மை எண்தானே அம்மா? வடிவாப் பாத்தனீங்களோ?”

“பாத்தனான்,” என்றேன். உண்மையில் படகிலேயே இரண்டு தரம் பார்த்திருந்தேன். பஸ்ஸில் ஏறியதும் மூன்றாம் தரமும் பார்த்தேன்.