இலை வழியே போன தண்ணீர்

எஸ்டேட் வீட்டைக் காலி செய்துவிட்டுப் பாடாங் செராய்க்குக் குடிவந்தபோது, வீட்டுக்குப் பின்னால் நின்ற கறிவேப்பிலை மரத்தையும் என் கணவர் வேரோடு தோண்டிக் கொண்டுவந்தார். எங்கள் மகள் பிறந்த வருடம் அவர் நட்ட மரம் அது. மகள் கல்யாணமாகிப் பினாங்குக்குப் போய்விட்டாள். "மரத்தையாவது கூட்டிக்கிட்டுப் போவோம்லா" என்றார்.

புது வீட்டு வாசலில் நட்ட மறுநாளே இலைகள் துவண்டன. அவர் காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். மண் சேறானதே தவிர இலைகள் நிமிரவில்லை.

நான் மெர்போக்கில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தவள். "இலையெல்லாம் வெட்டிடலாங்க" என்றேன்.

"சாகக் கிடக்கிறத மொட்டையடிக்கச் சொல்றியா?" என்று கோபப்பட்டார்.

மறுநாள் காலை ஒரு கிளையைப் பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டினேன். மதியம் பையின் உட்புறமெங்கும் நீர்த்துளிகள். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நீங்க ஊத்துற தண்ணிதாங்க இது. தோண்டுறப்ப பாதி வேர் அறுந்துபோச்சு. மிச்ச வேர் கொஞ்சமாத்தான் உறிஞ்சுது. இலைங்க மட்டும் பழையபடியே தண்ணிய வெயில்ல விட்டுக்கிட்டு இருக்கு."

அவர் அந்தப் பையை விரலால் தடவிப் பார்த்தார். தண்ணீர் போதவில்லை என்றே நினைத்திருந்தாரே தவிர, அது எப்படிப் போகிறது என்று யோசித்திருக்கவில்லை. பிறகு அவரே கத்தரியை எடுத்துவந்தார். வெட்டிய இலைகளைக் குப்பையில் போட மனமில்லாமல் அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தார். அந்தத் தெருவில் எங்களுக்கு முதல் பழக்கம் அப்படித்தான் ஏற்பட்டது.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் எதிர்வீட்டு அக்காவின் குரல் கேட்டது. "அண்ணே, துளிர் விட்டிருக்கு, வந்து பாருங்க!"

அவர் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினார்.