வேட்டைக்காரசாமியின் குமிழ் மரத் துப்பாக்கி

எங்கள் வேட்டைக்காரசாமிக்கு அரிவாள் கிடையாது, துப்பாக்கிதான். பர்மாவில், தன்லியின் ஊரில், பாலம் தாண்டிப் பழைய துறைமுகப் பக்கம் இருக்கிற சின்னக் கோயில் அது. கப்பலில் மூட்டை தூக்க வந்தவர்கள் ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து வைத்த சாமி. வந்த இடத்தில் காடும் புலியும் இருக்கவே அரிவாள் போதாது என்று நினைத்தார்களோ என்னவோ, கையில் வேட்டைத் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டார்கள். விஜயதசமி மாலையில் பாரிவேட்டை. சாமியாடி துப்பாக்கியில் குண்டேற்றும் தாழை இழுத்துத் தள்ளி, பிறகு இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். சாமி வேட்டைக்குக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் பெண்கள் குலவை போடுவார்கள்.

ஒருகாலத்தில் நிஜத் துப்பாக்கியே இருந்ததாம். நான் பிறப்பதற்கு முன்பே அது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. பதிலுக்கு யாரோ ஒரு புண்ணியவான் தேக்கில் ஒன்று செய்து கொடுத்தார். கதவு நிலைக்கு வைத்திருந்த கட்டையில் செய்திருக்க வேண்டும், அப்படி ஒரு கனம். போதாததற்கு முன்பக்கம் குப்புற விழப் பார்க்கும். அதைத்தான் என் அண்ணன் வருஷா வருஷம் தூக்கிக்கொண்டிருந்தான்.

அண்ணன்தான் சாமியாடி. சாமி இறங்காத நாட்களில் அவன் ஒரு சிடுமூஞ்சி. பக்கத்து வீட்டுக் கோழியோடுகூடச் சண்டை போடுவான். அண்ணி இறந்து, பிள்ளைகளும் ஒன்று தாய்லாந்து, ஒன்று மலேசியா என்று போன பிறகு, அந்த ஒரு மாலைக்காகத்தான் மீதி வருஷத்தை ஓட்டுகிறானோ என்று எனக்குத் தோன்றும். போன மழைக்காலத்தில், பாலத்துக்கு இந்தப் பக்கம் தாமுவேயில் இருக்கிற என்னைப் பார்க்க வந்தவன் பஸ் படியில் வழுக்கி விழுந்தான். இடது தோள் உடைந்தது. தகடு வைத்துத் தைத்தார்கள். வெறுங்கையாக இருந்தால் தம்பிடித்துத் தலைக்கு மேல் கொண்டுபோவான். கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தால் போதும், மார்போடு நின்றுவிடும்.

"இந்த வருசம் ரெண்டு கையாலயும் தூக்க முடியலன்னா சலங்கையக் கழட்டி சாமி காலடியில வச்சிருவேன்" என்றான். "அரையும் குறையுமா நின்னு ஆட மாட்டேன் பாப்பா."

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இன்னும் அவனுக்கு நான் பாப்பாதான்.

"வேற துப்பாக்கி செஞ்சு தாரேன், வாய மூடு" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு, நம்மால் முடியும் என்றும் பட்டது. நான் தாமுவேயில் கித்தார் பழுது பார்க்கிறவள். கனமில்லாத மரத்தைக் கையில் எடுத்தாலே எனக்கு மனசு லேசாகும். கித்தாரின் கழுத்து கனத்துத் தொங்கினால் வாசிக்கிறவனின் இடது கை அதைத் தாங்கித் தாங்கியே ஓய்ந்துபோகும். அண்ணனின் பிரச்சினையும் அதேதான் என்று நினைத்தேன்.

போனில் சில படங்கள் பார்த்தேன். எங்கோ வெளிநாட்டில் மலையேறி வேட்டையாடுகிறவர்கள், துப்பாக்கியின் எடையை எங்கெங்கே இழைத்துக் குறைப்பது என்று அத்தனை பாசத்தோடு பேசுகிறார்கள். குறைப்பது பெரிதில்லை, மிச்சமிருக்கிற எடை இரண்டு கைகளுக்கும் நடுவில் வந்து உட்கார வேண்டும் என்று ஒருவர் சொன்னார். கித்தார்காரிக்கு அது புரியாதா? பார்த்ததையெல்லாம் உடனே அழித்தும்விட்டேன். சிப்பாய்கள் போனை வாங்கித் துழாவுகிற இந்த ஊரில் இப்போது துப்பாக்கிப் படத்தோடு யார் பஸ் ஏறுவார்கள்?

மரத்துக்கு யமனேயை எடுத்தேன். தமிழில் குமிழ் மரம். இங்கே கித்தார் உடம்புக்கு அதைத்தான் போடுவோம். தோளில் பதிகிற கட்டையை உள்ளே குடைந்து, கித்தாரைப் போலவே ஓடு மட்டும் விட்டேன். குழலுக்கு மெல்லிய மூங்கில். தாழுக்கு மட்டும் பித்தளை வேண்டும் என்று அண்ணன் அடம்பிடித்தான். "அந்தச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு ஒடம்பு சிலுக்கும்" என்றான். சாமி சத்தத்தைக் கேட்டுத்தான் வருமா என்று கிண்டல் செய்தேன், முறைத்தான். கடைசியில் ஒரு பழைய கதவுத் தாழ்ப்பாளை அறுத்து, விரலால் பிடிக்க ஒரு உருண்டைக் குமிழை வைத்து, மேலே திருப்பிப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளுகிற மாதிரி பொருத்தினேன். பித்தளையின் கனம் வலது கைக்குப் பக்கத்தில் விழுந்தது நல்லதாகப் போயிற்று. முன்னால் பிடிக்கிற இடது கை சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும். துப்பாக்கியை ஒரே விரலில் வைத்துப் பார்த்து, அது ஆடாமல் நின்ற இடத்தில் அடிப்பக்கம் லேசாகப் பள்ளம் செதுக்கினேன், வலது கை தேடாமல் போய் உட்காருவதற்கு. சாயம் பூசவில்லை. தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கும் இது வெறும் மரம் என்று தெரிய வேண்டும்.

கித்தார் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறேன் என்று சொன்னதும் அண்ணன் போனிலேயே கத்தினான். "ஏண்டி, சினிமாவுல கித்தார் பெட்டிக்குள்ள என்ன இருக்கும்னு பாலத்துல சோதனைக்கு நிக்கிறவனுக்குத் தெரியாதா?" அதுவும் சரிதான். கட்டையைத் துணிப்பையில் காய்கறிக்கு அடியிலும், மூங்கிலைக் கையில் ஒட்டடைக் கம்பு மாதிரியும் பிடித்துக்கொண்டு போனேன். பாலத்தில் பையைத் திறந்து பார்த்த சிப்பாய்ப் பையன் முள்ளங்கியைத் தள்ளிவிட்டு இதென்ன என்று கேட்டான். கோயில் சாமான் என்று பர்மா பாஷையில் சொன்னேன். போகச் சொல்லிவிட்டான்.

விஜயதசமிக்கு முதல் நாளே கோயிலில் பூட்டிப் பார்த்தோம். அண்ணன் தாழை இழுத்தான், தள்ளினான். இரண்டு கையாலும் பிடித்து மெல்ல உயர்த்தினான். இடது கை காதுப் பக்கம் வந்து தயங்கியது. பிறகு அதையும் தாண்டியது. தலைக்கு மேல் துப்பாக்கி நின்றது. அப்படியே நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தே வெகுகாலமாகியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் மாலை துப்பாக்கியைச் சாமிக்கு முன்னால் வாழையிலையில் படுக்க வைத்திருந்தார்கள். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்து, குங்குமம் வைத்து, ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தை எடுத்துக் குழலின் நுனியில் குத்தினார்.

நான் கணக்கில் சேர்க்காத கனம் அது.

பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். வேலோ சூலமோ அரிவாளோ, சாமி ஆயுதம் என்றால் நுனியில் எலுமிச்சம்பழம் இல்லாமல் இருக்காது. பட்டறையில் ஒரு குன்றிமணி எடைக்கு அடித்துக்கொண்டவளுக்கு அது ஞாபகம் வரவில்லை. பழத்தோடு முடிந்ததா? அடுத்து மல்லிகைச் சரம். வேப்பிலைக் கொத்து. வேண்டுதல் இருக்கிற பெண்கள் ஆளுக்கு ஒரு மஞ்சள் துணியைக் கொண்டுவந்து கட்டினார்கள், எல்லாரும் நுனியில்தான். சின்னப் பெண்கள் பர்மா பாஷையில் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். சாமிக்கு அந்தப் பாஷை தெரியுமா என்று இங்கே யாரும் கவலைப்பட்டதில்லை. மூங்கில் மெல்ல முன்னால் சாய்ந்து வாழையிலையை அழுத்தியது. எனக்குத் தேக்குத் துப்பாக்கியே மறுபடி வந்து படுத்துக்கொண்டது போல இருந்தது.

சாமிக்குச் சாத்தியதை எடுக்க முடியாது. அண்ணனைப் பார்த்தேன். சலங்கை கட்டி, கண் செருகி, உடுக்கைச் சத்தத்துக்கு முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்திருந்தான். அவனிடம் இனிமேல் பேச முடியாது.

தாம்பாளத்திலிருந்து ஒரு தேங்காயை எடுத்தேன். மஞ்சள் துணியில் முடிந்து, துப்பாக்கியின் பின்கட்டையில் கட்டினேன்.

"இதென்னம்மா புதுப் பழக்கம்?" என்றார் பூசாரி.

"வேண்டுதல் சாமி" என்றேன். பொய்யில்லை. அந்த நேரத்தில் எனக்கு வேறு வேண்டுதல் என்ன இருந்தது?

விரலை அடியில் கொடுத்து, தேங்காய் முடிச்சைக் கொஞ்சம் பின்னால், கொஞ்சம் முன்னால் என்று நகர்த்தினேன். கடைசியில் அந்தப் பள்ளத்துக்கே எடை திரும்பி வந்தது. துப்பாக்கி நேராக நின்றது. ஆனால் இழைத்து இழைத்து நான் எடுத்த கனமெல்லாம் வட்டியோடு வந்து சேர்ந்துவிட்டது. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். பாழாய்ப்போன கண் மூடவில்லை.

அண்ணன் வந்து துப்பாக்கியை எடுத்தான். பித்தளைத் தாழ் பின்னால் போய் முன்னால் வந்தது. அந்தச் சத்தத்தில் உடுக்கை நின்றது. இரண்டு கையாலும் உயர்த்தினான். மார்பு வரை வந்தது. இடது கை அங்கேயே நின்றுவிட்டது. தோள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. சரத்திலிருந்து பூக்கள் உதிர்ந்தன. விடு அண்ணே, போதும், விடு என்று எனக்குள் கத்தினேன்.

அவன் இடது கையை எடுத்தான். வலது கை துப்பாக்கியின் அடியில் நழுவிப் போய்ப் பள்ளத்தில் உட்கார்ந்தது. பழமும் பூவும் ஒரு பக்கம், தேங்காய் ஒரு பக்கம். ஒற்றைக் கையில் துப்பாக்கி தலைக்கு மேல் போய்த் தராசு முள்ளைப் போல நேராக நின்றது. குலவைச் சத்தம் கிளம்பியது.

இடது கை சும்மாதானே இருந்தது. இத்தனை வருஷத்தில் பாரிவேட்டை நேரத்தில் சாமியாடிக்கு ஒரு கை சும்மா இருந்ததே கிடையாது. அது பூசாரியின் தட்டுக்குள் போயிற்று, திருநீற்றை அள்ளிற்று. எதிரே நான்தான் நின்றிருந்தேன். நான் அண்ணனைவிட உயரம். மார்போடு ஓய்ந்துபோன அந்தக் கை என் நெற்றிக்கு எட்டாது. குனிந்தேன். நெற்றியில் பூசிவிட்டு, கை அப்படியே என் தலையில் இருந்தது. அப்பா போன பிறகு யாரும் என் தலையில் கை வைத்ததில்லை. சாமி ஏன் இந்தச் சிடுமூஞ்சி மேல் இறங்குகிறது என்று காலமெல்லாம் கேலி பேசியவள், எல்லார் முன்னாலும் அழுதேன்.

எல்லாம் முடிந்து, கோயிலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் சின்ன முக்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். சாமி இறங்கியிருக்கும்போது நடந்தது எதுவும் அண்ணனுக்கு நினைவிருக்காது. யாரிடமும் அவன் கேட்டதும் இல்லை. அன்றைக்குக் கேட்டான். டீயைத் தொடவில்லை.

"ரெண்டு கையாலயும் தூக்குனேனா பாப்பா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லண்ணே. ஒத்தக் கையிலதான்."

முகம் சுருங்கிப்போயிற்று. காலில் இருந்த சலங்கையைக் குனிந்து பார்த்தான்.

"அப்ப இன்னொரு கை என்ன செஞ்சுச்சு?"

"என் தலையில இருந்துச்சு."

அண்ணன் இடது கையை மடியிலிருந்து எடுத்து விரித்துப் பார்த்தான். விரலிடுக்கிலெல்லாம் திருநீறு இருந்தது.