பாதாளக் கரண்டி

எங்கள் தெருவில் பாதாளக் கரண்டி வைத்திருந்தது நாங்கள் மட்டும்தான். கிணற்றில் குடம் விழுந்தால் அந்தக் கொக்கிக் கொத்தைக் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவுவார்கள். இரவல் கேட்டு வருகிறவர்கள் ஒரு பாத்திரத்தை ஈடாக வைத்துவிட்டுப் போவது வழக்கம்.

அது சண்டைக் காலம். பட்டாபிராம் மிலிட்டரி சைடிங்கில் என் வீட்டுக்காரர் ரயிலிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். ஒருநாள் அங்கிருந்து செம்புக் கம்பிச் சுருளைத் திருடிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து தெருக் கிணற்றில் போட்டுவிட்டார்.

"பாதாளத்துல கீது, எவன் பாக்கப் போறான்? நீ வாயத் தொறந்த, ரெண்டு பேருக்கும் ஜெயிலுதான்."

அட பாவி மனுஷா! அம்மன் கோயிலில் பாரதம் சொல்கிறவர், பூமிக்கடியில் ஏழு லோகம், கடைசியில் பாதாளம், அங்கே நாகங்கள் காவல் என்பார். எங்கள் பாதாளத்துக்கு நான்தான் காவல்.

நாலாம் நாள் காலையில் எதிர்வீட்டுப் போலீஸ்காரரின் பெண்சாதி சொம்போடு வந்து நின்றாள்.

"அக்கா, கொடம் கெணத்துல பூட்ச்சு. கரண்டி குடு."

இல்லை என்று எப்படிச் சொல்வது? சுவரில் தொங்குகிறதே! கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

மூன்றாம் தடவை கனமாக வந்தது. சாக்கு. கிழிசலில் கம்பி பளபளத்தது. அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கயிற்றை உதறிச் சாக்கை மறுபடி உள்ளே விட்டாள். கரண்டியோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பகல் முழுக்க அவள் சொம்பு என் அடுப்படியில் இருந்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சாயங்காலம் வந்து கரண்டியைக் கொடுத்தாள், சொம்பை எடுத்துக்கொண்டாள்.

"கொடம் கெடைக்கல. நாளிக்கு அவரே எறங்கித் தேடறேன்றாரு. எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா."

இருட்டியதும் நானும் என் வீட்டுக்காரரும் கரண்டி போட்டோம். முதலில் வந்தது அவள் குடம், பிறகுதான் சாக்கு. யாரோ வருகிற சத்தம். அவர் சாக்கோடு ஏரிப் பக்கம் ஓட, நான் குடத்தோடு வீட்டுக்குள் ஓடினேன். பரண்மேல் வைத்து விறகால் மூடினேன்.

விடிந்ததும் போலீஸ்காரர் கிணற்றில் இறங்கினார். வெறுங்கையோடு ஏறினார். கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டிலிருந்து அடி விழும் சத்தம் கேட்டது.

"கெணத்துல இல்லன்னா கொடம் இன்னா பறந்தா பூட்ச்சு? உங்கம்மா ஊட்டுக்குத்தான அனுப்ச்சிட்ட?"

அவள் அழுதாளே தவிர, என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என் தலைக்கு மேலே பரணில் அவள் குடம் இருந்தது. வெளியே எடுத்தால், ராத்திரி கிணற்றில் உங்களுக்கு என்ன வேலை என்று கேட்பார். நான் வாயைத் திறக்கவில்லை.