தக்கைமேல் போட்ட பழி

மரப் பீப்பாயில் மது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் குறையும். மாதம் ஒருமுறை நிரப்பவேண்டும். மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா ஊற்றினார். நான் விளக்கைப் பிடித்தேன்.

“வெளிச்சத்தைப் பீப்பாய்க்குக் காட்டு, இன்ஜினியரம்மா. என் மூஞ்சியில என்னத்தை அளக்கறே?”

“கை நடுங்குதுப்பா.”

“கைதானே நடுங்குது? ஒரு சொட்டு கீழ போச்சா, சொல்லு.”

போகவில்லை. ஒன்பது நாள் கழித்து, வியாழனன்று, அப்பா மாரடைப்பில் இறந்தார்.

பெயர் அபீலியு. வயது எழுபத்தாறு. எங்கள் பைராடா வட்டாரக் களிமண்ணில் மூன்று ஹெக்டேர் தோட்டம், பாகா என்னும் திராட்சை வகை. எங்கள் ஊர்ச் சிவப்பு மது இளசில் நாக்கைச் சுரண்டும். அவ்வளவு புளிப்பு, அவ்வளவு துவர்ப்பு. பத்து வருடம் விட்டால்தான் வழிக்கு வரும். அப்பா குலைகளைக் காம்போடு மிதிப்பார். எட்டு வருடம் ஆகாமல் ஒரு புட்டியும் விற்கமாட்டார். யாராவது முன்னதாகக் கேட்டால், “அவசரமா? பீர் குடிங்க” என்பார்.

நான் மதுத் தயாரிப்பைப் படித்துவிட்டு வந்த முதல் அறுவடையில் காம்பை நீக்கச் சொன்னேன். நான்கே நாளில் சாற்றிலிருந்து தோலைப் பிரித்தேன். அமிலத்தைக் குறைத்தேன். இரண்டாம் வருடமே குடிக்கக்கூடிய, மெத்தென்ற மது கிடைத்தது. அப்பா மறுக்கவில்லை. புட்டிமேல் ஒட்டும் சீட்டில் என் பெயரை அச்சடித்தார். சுற்றுவட்டாரமே வாங்கி வைத்தது.

ஏழாம் வருடம் ஒரு புட்டியைத் திறந்து பார்த்தேன். பழுப்பேறி, வாசனை செத்திருந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். அதன்பின் அவர் இறக்கும்வரை, சொல்வதற்கு எனக்கு ஆறு வருடம் இருந்தது.

அடக்கம் முடிந்த மறுவாரம், பன்றிக்குட்டி வறுவல் கடை வைத்திருக்கும் ஜெர்மானு என்னை வழியில் நிறுத்தினார்.

“உங்கப்பா எடுத்துக்க வர்றேன்னு சொல்லிட்டு வராமயே போயிட்டாரு புள்ளே. புட்டித் தக்கை கெட்டுப்போச்சுன்னு சொன்ன அந்தப் பெட்டி இன்னும் எங்கிட்டதான் கிடக்கு.”

“எந்தத் தக்கை மாமா?”

“உன் பேரு போட்ட சரக்குதான். ‘மது தங்கம், தக்கைக்காரன் ஏமாத்திட்டான்’னு வீடு வீடாப் போயித் திருப்பி எடுத்துக்கிட்டாரே. பதிலுக்குத் தன்னோட பழைய புட்டியைக் குடுத்தாரு. நான் வேண்டாம்னா சொல்லுவேன்? உனக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றேன்.

“அந்தத் தக்கைக்காரன் மட்டும் என் கையில கிடைச்சான்னா!”

தக்கைகளில் ஒரு குறையும் இல்லை. அவற்றைச் சோதித்து வாங்கியவள் நான்.

வீட்டுக்கு வந்து நிலவறையில் தேடினேன். அப்பாவின் பழைய புட்டிகள் வைக்கும் வரிசையில் பாதிக்குமேல் காலி. கதவோரம் ஒரு பெட்டி. அவர் மிதித்த மது, பன்னிரண்டு புட்டி. மூடிமேல் சுண்ணக்கட்டியில் அவர் கையெழுத்து: ஜெர்மானு, சனிக்கிழமை.

அவர் இறந்த வியாழனுக்கு அடுத்த சனிக்கிழமை அது. பெட்டி இன்னும் கதவோரமே இருக்கிறது. கொண்டுபோனால் ஜெர்மானு மறுபடியும் தக்கைக்காரனைத் திட்டுவார்.