மூடியின் மூலையில் ஒரு கட்டைவிரல்

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் வைஜெயந்தியிடம் திட்டு வாங்காத ஆளே கிடையாது. உப்புக் கம்பெனி ஆபீசில் குப்பை கொட்டும் நானும் வாங்கியிருக்கிறேன். ஆனால் வேலையில் அப்படி ஒரு சுத்தம்.

கடை அவர் கணவர் அசோகன் வைத்தது. அசோகன் சின்ன வயதில் உப்பளத்தில் வேலை செய்தவர். அங்கே தகரம் கிழித்த தழும்பு அவருடைய வலது கட்டைவிரலின் குறுக்கே கோடாக இருக்கும். சிப்பின் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை அந்த விரலால்தான் தடவுவார். மிச்சத்தை லேப்டாப் அடிமூடியின் உட்புறம், ஒரு மூலையில் துடைத்துவிடுவார். "வெத்தலை போடுறவன் சுவத்துல சுண்ணாம்பு தடவுற மாதிரி பண்ணாதய்யா" என்று வைஜெயந்தி கத்தாத நாளில்லை.

மூன்று வருஷம் முன்பு அசோகன் மாரடைப்பில் போய்விட்டார். அதன் பிறகு வைஜெயந்தி திறந்த பழைய லேப்டாப்புகளில் அந்த விரல் காத்திருந்தது. சாம்பல் நிறம், நடுவே தழும்புக் கோடு. சிப்பின் மேல் காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டுவார், புதிதாகத் தடவுவார், அந்த ரேகையை மட்டும் தொடமாட்டார். பழைய லேப்டாப்புகளை ஜனங்கள் தூக்கிப் போடப் போட, அதுவும் அரிதாகிவிட்டது.

"ஆறு மாசமா ஒண்ணுகூட வரலைங்க. அவ்ளோதான் போலிருக்குது" என்று அவர் சொன்னபோது முகத்தைப் பார்க்க முடியவில்லை.

போன வாரம் என் லேப்டாப் மாவு மிஷின் மாதிரி இரைந்தது. மடியில் வைக்க முடியாத சூடு. கொண்டுபோனேன். மூடியைக் கழற்றிய வைஜெயந்தி அப்படியே நின்றுவிட்டார். மூலையில் சாம்பல் நிறக் கட்டைவிரல்.

"வந்துட்டாருங்க" என்றார்.

அந்த லேப்டாப்பை நான் புதிதாக வாங்கியே ஒன்றரை வருஷம்தான். ஒரு முறை டீயைக் கொட்டிக்கொண்டு வந்தபோது அதைப் பிரித்து பேஸ்ட் மாற்றியவர் வைஜெயந்தியேதான். சொல்லாமல் விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே, சொல்லித் தொலைத்தேன்.

விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தார். ரேகையில் தழும்புக் கோடு இல்லை. தன் கட்டைவிரலை அதன் மேல் வைத்தார். பொருந்தியது.

"நான் கார்டுலதானே தடவுவேன்... என் கை எப்பங்க இங்க போச்சு?"

பழைய ஏடிஎம் கார்டால் புது பேஸ்ட்டைத் தடவினார். கார்டின் ஓரத்தில் ஒட்டியிருந்ததைக் கட்டைவிரலால் வழித்தார். துடைக்கத் துணி பக்கத்திலேயே கிடந்தது. விரல் மூடியின் மூலைக்குப் போனது. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், கையை இழுக்கவில்லை.