ஐயரையும் சேர்த்துப் பத்து

அடக்கமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆய்வு நிதி எனக்குத்தான் கிடைத்தது. அதுவும் மருத்துவப் பேராசிரியர்கள் நிறைந்த ஒரு தெரிவுக்குழுவின் முன்னால் நின்று, எங்கள் வீட்டுச் செத்தவீட்டுக் கதையைச் சொல்லிக் கிடைத்தது. மெல்பேர்னில் ஒரு பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறையில், ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கும் ஆய்வாளராக நான் இருந்த காலம் அது. எங்களைப் போன்றவர்களைக் கூட்டங்களுக்குக் கூப்பிடுவார்கள். நாங்கள் பேசும் முறை வரும்போது நேரம் முடிந்துவிடும்.

சீட் ஃபண்டிங் என்பார்கள். பெரிய ஆய்வொன்றைத் தொடங்குவதில் பயன் இருக்குமா என்று பார்க்க முதலில் கொடுக்கும் சிறு தொகை. கொரோனாக் காலத்தில் அரசாங்கங்கள் நடந்துகொண்ட விதத்தைச் சமூக அறிவியல் ஆட்களும் ஆராயலாம் என்று பல்கலைக்கழகத்துக்கு ஒருவழியாகத் தோன்றியிருந்தது. அரசின் மீது மக்கள் வைத்த நம்பிக்கை என்று நான் பெரிதாக ஏதோ எழுதிக் கொடுத்தேன். துறைத்தலைவி வாசித்துவிட்டு, “இதை யாரும் எழுதலாம். நீதான் எழுத வேண்டும் என்பதற்கு இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கூடுதலாக வந்தது.

வீட்டுக்கு வந்து, குசினி மேசையில் லாப்டொப்பை வைத்து, ஊரடங்குக் கால அரசாணைகளை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். சட்ட மொழியில் எழுதிய மூல ஆணைகள். சாதாரண சனம் அவற்றைத் தேடிப்போய் வாசிப்பதில்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய ஒற்றைப் படம். இறுதிச் சடங்குக்குப் பத்துப் பேர் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. மூல ஆணையில் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. சடங்கை நடத்துபவர்கள் இந்தப் பத்தில் அடங்கமாட்டார்கள்.

மூன்று தடவை வாசித்தேன்.

அப்பா போனது அந்த ஊரடங்கில்தான். செத்தவீட்டுக்கு வருவோரின் பெயர்ப் பட்டியலை எழுதி மண்டபத்துக்கு அனுப்பியது நான். படித்தவள், படிவம் நிரப்பத் தெரிந்தவள் என்று எல்லோருமாக அந்த வேலையை என் தலையில் கட்டினார்கள். தம்பி சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் இருந்தான். மாநில எல்லை மூடியிருந்ததால் அவனால் வர முடியவில்லை. அம்மா, நான், என் கணவர், தங்கை, அவள் கணவர் என்று ஐந்து பேர். தம்பி இல்லாததால் என் மகன் கொள்ளி வைக்கவேண்டும், மற்றப் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்கவேண்டும், பேரப்பிள்ளைகள் எல்லோருமாக நாலு பேர். ஐயரோடு பத்து. மாமிக்கு இடமில்லை.

மாமி என்றால் அப்பாவின் ஒரே தங்கை. எங்களிடமிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தார். “உங்கட வயசுக்கு வேண்டாம் மாமி, வருத்தம் தொத்திவிடும்” என்று நான்தான் ஃபோனில் சொன்னேன். என் அம்மா அவரைவிட மூத்தவர் என்பதை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சொந்த அண்ணனின் கடைசிப் பயணத்தை மாமி ஃபோனில்தான் பார்த்தார். பிள்ளைகள் பந்தத்தோடு சுற்றி வரும் நேரம் பார்த்து படம் அப்படியே நின்றுவிட்டதாம்.

ஊரடங்கு முடிந்த பிறகும் மாமி எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. அப்பாவின் திவசத்துக்கும் வரவில்லை. கேரம் டவுன்ஸ் கோயிலில் கண்டால் “சுகமோ?” என்று கேட்டுவிட்டு அர்ச்சனைத் தட்டோடு அப்பால் போய்விடுவார். நானும் ரோசக்காரிதான். சட்டத்தை நானா போட்டேன் என்று எனக்குள் முணுமுணுத்துக்கொண்டு திரிந்தேன்.

இப்போது அந்த வரி கண்ணுக்கு முன்னால் இருந்தது. என் ஆய்வு அதுதான் என்று உடனே தெரிந்துவிட்டது. ஆனால் மாமியிடம் சொல்லாமல் அதை எழுதினால் நான் மனுசியே இல்லை. விண்ணப்பத்தை அப்படியே விட்டுவிட்டு இரண்டு தெருவையும் நடந்தேன். கதவைத் திறந்த மாமி உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசலில் நின்றே சொன்னேன்.

“மாமி, நான் பிழை விட்டிட்டன். ஐயரைப் பத்துக்குள்ள எண்ணியிருக்கக் கூடாது. உங்களுக்கு இடம் இருந்தது.”

“மண்டபக்காரர் ஒண்டும் சொல்லேல்லையோ?”

“பேரை மட்டும்தான் அனுப்பினனான். அதில ஒராள் ஐயர் எண்டு அவைக்கு எப்பிடித் தெரியும்? பத்துக் கதிரை போட்டிருந்தினம். ஐயர் கடைசி வரைக்கும் அதில இருக்கேல்லை, நிண்டபடிதான் எல்லாம் செய்தவர்.”

“அப்ப அந்தக் கதிரை சும்மா கிடந்ததோ?”

பொய் சொல்லியிருக்கலாம். “என்ர ஹான்ட்பாக்கை வச்சிருந்தனான்” என்றேன்.

பிறகு வாங்கிக் கட்டிக்கொண்டேன். “இவ்வளவு படிச்சு என்ன? ஒரு வரி வாசிக்க நேரமில்லை. அரசாங்கம் எனக்குத் தந்த இடத்தை நீ உன்ர ஹான்ட்பாக்குக்குக் குடுத்தனி!” அயல்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். நான் அழுதேன். மாமியும் அழுதார். குடும்பத்துக்குத் தான் வேண்டாதவளாகிவிட்டேன் என்றுதான் அவர் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்.

“வேணுமெண்டு விடேல்லைத்தானே?” என்று கடைசியில் கேட்டார்.

“சத்தியமா இல்லை மாமி.”

“அப்ப எழுது. மறைக்காமல் எழுது. உள்ள வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ.”

தெரிவுக்குழுவின் முன் எனக்கு ஐந்து நிமிடம் தந்தார்கள். கதை முழுவதையும் சொன்னேன், கைப்பையையும் விடவில்லை. அங்கே இருந்த பொருளியல்காரர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஒரு குடும்பம் விட்ட கூட்டல் பிழை எப்படி ஆய்வாகும் என்று கேட்டார். “ஒரு குடும்பம்தானா என்று பார்க்கத்தான் இந்தப் பணத்தைக் கேட்கிறேன்” என்றேன். அறையில் யாரோ சிரித்தார்கள். பொருளியல்காரரே தலையாட்டினார். இரண்டு கிழமையில் மின்னஞ்சல் வந்தது. நான் அலுவலக நடைபாதையில் கத்திய கத்தலில் துறைத்தலைவி கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார்.

ஒரு குடும்பம் இல்லை. மெல்பேர்னிலும் சிட்னியிலும் வீடு வீடாகப் போனேன். நார்த்மீட்டில் மனைவியை இழந்த அங்கிள் ஒருவர், நான் கேள்வியை முடிக்கும் முன்பே, “ஐயரும் ஆள்தானே பிள்ளை? எண்ணாமல் விடேலுமோ?” என்றார். அதனால் அவருடைய மச்சான் வெளியே நின்றிருந்தார். மதுரையிலிருந்து வந்த ஒரு பெண், “ஆமா, ஐயரையும் சேத்துத்தாங்க எண்ணுனோம். எங்க சித்தியத்தான் வர வேணாம்னுட்டோம்” என்றார். கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று ஃபாதரை எண்ணியிருந்தது. சரியாக எண்ணியவர்களும் இருந்தார்கள்தான். ஆனால் பிழையாக எண்ணிய வீடுகளில் எல்லாம் ஒருவர் யாருடனோ பேசாமல் இருந்தார். வைரஸ் செய்த வேலை இல்லை அது. சின்ன எழுத்தில் கிடந்த ஒரு வரி செய்த வேலை. நான் ஒவ்வொரு வீட்டிலும் அந்த வரியை வாசித்துக் காட்டினேன். நார்த்மீட் அங்கிள் என்னை உட்கார வைத்துவிட்டே மச்சானுக்கு ஃபோன் எடுத்தார்.

நான் அனுப்பிய அறிக்கையை வாசித்துவிட்டு, ஆய்வின் முடிவை நேரில் கேட்க அரசுத் திணைக்களம் ஒன்றிலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். இனி வரும் அவசரகால அறிவிப்புகளில், எண்ணிக்கை எங்கே வருகிறதோ அங்கேயே, அதே பெரிய எழுத்தில், யார் அதில் சேரமாட்டார்கள் என்பதும் வரும் என்று வரைவை மேசையில் வைத்தார்கள். என் பரிந்துரை, நான் எழுதிய சொற்களிலேயே. நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு இருந்தேன்.

மாமியும் வந்திருந்தார். “நானும் வாறன், எனக்கும் கதைக்க வாயிருக்கு” என்று பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தவர். தமிழில்தான் பேசுவேன் என்றார். அவர் பேச, நான் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போனேன்.

“என்ர அண்ணன்ர செத்தவீட்டில பத்தைப் பிழையா எண்ணினது இந்தா நிக்கிற என்ர மருமகள்தான். கண்டுபிடிச்சதும் அவள்தான். மறைச்சிருந்தால் எனக்கு ஒரு நாளும் தெரிய வந்திராது. மறைக்காமல் என்ர வாசலுக்கு வந்து சொன்னவள்.”

முதல் பாதியை நன்றாகத்தான் சொன்னேன். கடைசி வரியில் குரல் அடைத்துவிட்டது. பின்வரிசையில் இருந்த அதிகாரி கேட்கவில்லை என்று கை காட்டினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்த வரியை மட்டும் இரண்டாம் தடவை, அறை முழுவதும் கேட்கச் சொன்னேன்.